ஸ்டோர் தட்டும் ஸ்டிக்கி நோட்டும்

வேலையைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மென்பொருள் உலகம் சமீபத்தில் கண்டுபிடித்த பெரிய உண்மைகளில் ஒன்று. இதற்காக மாநாடு நடக்கிறது, சான்றிதழ் விற்கிறது, ஆளுக்கு மாதம் இவ்வளவு டாலர் என்று கருவிகள் விலை போகின்றன. கம்பம்மெட்டில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் நெருப்பு பார்த்துக்கொண்டிருந்த என் அப்பா இதையெல்லாம் ஒரு சாக்பீஸ் துண்டோடு முடித்துக்கொண்டார். அவரிடம் சான்றிதழ் எதுவும் கிடையாது. சம்பளமும் அந்தந்த மாதமே வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறினால் உச்சியில் சோதனைச் சாவடி வரும், அதுதான் கம்பம்மெட்டு. இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் இடுக்கியின் உடும்பன்சோலை தாலுகா. கீழே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல்லும் பன்னீர் திராட்சையும், மேலே ஏலம். விடிகிற நேரத்தில் கீழிருந்து ஆட்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் மலையேறும், சாயங்காலம் இறங்கும். 1956-ல் மாநிலம் பிரித்தபோது உறுதியான கோடு இந்த ஜீப்புகளை நிறுத்தவில்லை. 2020-ல் கொரோனா நிறுத்தியது. பாஸ் இல்லாமல் ஒருவரும் தாண்டக்கூடாது என்றபோதுதான், கோடு உண்மையிலேயே அங்கே இருக்கிறது என்பது எங்கள் பக்கத்துப் பலருக்கும் உறைத்தது.

அன்றைய ஸ்டோரைச் சொல்லாமல் மேற்கொண்டு போக முடியாது. ஏலக்காயைப் பச்சையாகப் பறித்து வருவது பாதி வேலைதான். அதே பச்சை நிறம் போகாமல் உலர்த்தினால்தான் காசு. இதற்கென்று கட்டிய நீள அறைக்குத்தான் எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்று பெயர். வெளியே அடுப்பு, அடுப்புச் சூட்டை உள்ளே கொண்டுபோகத் தரையோடு ஓடும் இரும்புக் குழாய், மேலே அடுக்கடுக்காகக் கம்பி வலைத் தட்டுகள். பச்சைக்காயைக் கழுவி, சோடாக்காரம் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்து, தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். சூடு ஐம்பது டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். ஏறினால் காய் வெடிக்கும், இறங்கினால் வெளுக்கும். ஒரு பகல், ஒரு ராத்திரி, சில சமயம் அதற்கும் மேலே ஆகும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர்ந்த காய் வரும்.

ராத்திரி முழுக்க அப்பா அங்கேதான் இருப்பார். விறகு தள்ளுவார், கதவைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டிச் சூடு பார்ப்பார், தட்டை உருவிக் காயைப் புரட்டுவார். தெர்மாமீட்டர் ஒன்று ஆணியில் தொங்கியது. அதை முதலாளி வரும்போது மட்டும் பார்ப்பார்.

வேலையைக் காட்டும் பலகை என்று நான் சொல்ல வந்தது அந்த ஸ்டோரின் மரக்கதவைத்தான். புகையேறிக் கறுத்துப்போன கதவு. சாக்பீஸ் நன்றாகப் பிடிக்கும். அதில் இரண்டே வரிகள் இருக்கும். ‘உள்ளே’ என்று ஓர் எண், ‘காலி’ என்று ஓர் எண். தட்டு இறங்க இறங்க, ஏற ஏற, அப்பா சட்டைக் கையால் துடைத்துவிட்டு மாற்றி எழுதுவார். எழுத்தறியாத கங்காணிக்குக்கூட அந்த இரண்டு எண்களையும் வாசிக்கத் தெரியும்.

சாயங்காலம் எடை போட்டு முடிந்ததும் கங்காணி கதவின் முன்னால் வந்து நிற்பார்.

“அண்ணே, நாளைக்கு எத்தன ஆளு காய்க்கு?”

“பதினெட்டுக்கு மேல விடாத. மிச்ச ஆள களைக்கு அனுப்பு.”

“கீழப் பத்தையில காய் முத்தி நிக்குதுண்ணே. மொதலாளி வந்தா என்னைய வைவாரு.”

“ரெண்டு நாளு செடி தாங்கும். சாக்கு தாங்காது.”

இவ்வளவுதான் திட்டமிடல் கூட்டம். பறித்த காயைச் சாக்கில் குவித்து வைத்தால் உள்ளுக்குள்ளேயே புழுங்கி நிறம் போய்விடும். அதனால் எத்தனை பேர் பறிக்கலாம் என்பதைச் செடியில் எவ்வளவு காய் இருக்கிறது என்பது முடிவு செய்யாது, காலித் தட்டுதான் முடிவு செய்யும். காலித் தட்டு குறைந்தால் பறிக்கிற ஆள் குறையும். மீதி ஆட்கள் சும்மா உட்காருவதில்லை. களையெடுப்பு, நிழல் மரக் கவாத்து, சருகு கூட்டுவது என்று வேறு பக்கம் போவார்கள். எப்போதாவது நாலைந்து பேரை ஸ்டோருக்கே அழைத்து, உலர்ந்த காயைத் தேய்த்துக் காம்பும் பூவும் உதிர்க்கச் சொல்வார் அப்பா. தட்டு சீக்கிரம் காலியாகும்.

இதே ஏற்பாட்டை டொயோட்டாவில் டாய்ச்சி ஓனோ இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் மெல்ல மெல்லச் செய்து பார்த்தார். அமெரிக்க சூப்பர்மார்க்கெட் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து பிறந்த யோசனை அது. அலமாரியில் எடுத்தது எவ்வளவோ அவ்வளவுதான் மறுபடி வைக்க வேண்டும். தொழிற்சாலையில் அதற்கு அட்டைகள் வந்தன. அடுத்த கட்டப் பிரிவிலிருந்து அட்டை வராமல் அதற்கு முந்தைய பிரிவு ஒரு திருகாணிகூடச் செய்யக்கூடாது. அட்டைகளின் எண்ணிக்கை அளவானது. அதனால் தேங்கும் சரக்கும் அளவானது. கான்பான் என்று உலகம் சொல்வது இதைத்தான்.

அது மென்பொருளுக்கு வந்த கதை இன்னும் சுவையானது. மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த டேவிட் ஆண்டர்சன் 2005-ல் டோக்கியோ போனபோது குடும்பத்தோடு அரண்மனைக் கிழக்குத் தோட்டத்துக்குப் போனார். வாசலில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் அட்டை கொடுத்தார்கள். கட்டணமில்லாத தோட்டத்துக்கு டிக்கெட் எதற்கு என்று யோசித்தவருக்கு வெளியே வரும்போது புரிந்தது: அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். அட்டை தீர்ந்தால் அடுத்தவர் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். தோட்டம் நெரிசலாகாது. இதை அவர் 2010-ல் வெளியிட்ட கான்பான் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஆண்டர்சன் டோக்கியோவுக்குப் பதிலாகக் கம்பம்மெட்டுக்கு வந்திருந்தால் விமானச் செலவு குறைந்திருக்காது. ஆனால் டீ கிடைத்திருக்கும்.

இனி, இன்று.

நான் உத்தமபாளையத்தில் படித்து, மதுரையில் மேலே படித்து, சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் குளிர்சாதன அறைகளில் முடி நரைத்து, கொரோனாவோடு வேலையையும் எடுத்துக்கொண்டு ஊருக்கே திரும்பிவந்தவன். ஓட்டு வீட்டின் முன்னறையில் கேரள டவர், பின்னறையில் தமிழ்நாட்டு டவர். ரோமிங் காசு பிடித்த காலத்தில் அப்பா இருமலை மட்டும் பின்னறையில் வைத்துக்கொண்டு பேச்சை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். இப்போது இரண்டும் ஒரே விலை, மழைக்காலத்தில் இரண்டும் ஒரே சமயத்தில் போகும்.

சென்னையில் இருந்தபோது எங்கள் குழுவுக்கு ஒரு காட்சிப் பலகை முறையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நிறுவனம் எது என்பது வேண்டாம். எல்லா நிறுவனத்திலும் இதே நாடகம்தான். பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். ஸ்க்ரம் பலகையா, கான்பான் பலகையா, இரண்டையும் கலந்த ஸ்க்ரம்பானா என்று முதல் நாள் விவாதம். இரண்டாம் நாளிலிருந்து எந்தக் கருவி என்ற ஒப்பீட்டு அட்டவணை. வரிசையாகக் கேள்விகள்: நிறம் எத்தனை, மொபைல் ஆப் உண்டா, கார்டில் படம் ஒட்டலாமா, ஆளுக்கு என்ன விலை. மதிப்பெண் போட்டோம். சராசரி எடுத்தோம். எங்களுக்கு வேலை எப்படி வருகிறது, எங்கே போய் நிற்கிறது என்ற கேள்விக்கு அட்டவணையில் ஒரு வரிசை இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் பாதி விவாதம் அன்றே முடிந்திருக்கும். ஸ்க்ரம் என்பது ஜெஃப் சதர்லாண்டும் கென் ஷ்வாபரும் 1995-ல் ஒரு மாநாட்டில் முன்வைத்த முறை. ஒரு மாதத்துக்கு மேற்படாத ஸ்பிரிண்ட் என்ற வேலைச் சுற்று, அதன் தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட வேலையை முடிவில் காட்ட வேண்டும், தினமும் கால் மணி நேரம் கூடிப் பேச வேண்டும். புதிதாக ஒன்றைக் கட்டுகிறவர்களுக்கு, இரண்டு வாரம் யாரும் நடுவில் புகமாட்டார்கள் என்ற உறுதி இருக்கிறவர்களுக்கு, இது பொருந்தும். நாங்களோ பராமரிப்புக் குழு. காலையில் ஒரு கோளாறு, மதியம் ஒரு கோளாறு, ராத்திரி அமெரிக்காவிலிருந்து மூன்று கோளாறு. எங்கள் ஸ்பிரிண்ட் திட்டம் திங்கட்கிழமை எழுதப்பட்டு செவ்வாய்க்கிழமை செத்துப்போகும். இப்படி வேலை ஒழுகி வருகிற இடத்துக்குக் கான்பான்தான் சரி. கால எல்லை இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை இருக்கலாம் என்ற எண் எல்லை மட்டும் உண்டு. இரண்டும் பாதிப் பாதி என்றால் ஸ்க்ரம்பான் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலான இடங்களில் அந்தப் பெயர், எதையும் முடிவு செய்யவில்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் வழியாகத்தான் இருக்கிறது.

முதலில் சுவர்ப் பலகைதான் வைத்தோம். மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை ஸ்டிக்கி நோட்டுகள். ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும் அந்தப் பசையை 3எம் நிறுவனத்தின் ஸ்பென்சர் சில்வர் 1968-ல் உண்டாக்கினார். வேறு ஏதோ செய்யப்போய் வந்தது. கடைக்கு வந்தது 1980-ல். எங்கள் அலுவலகத்தில் ஏ.சி. காற்று நேராகப் பலகையில் அடிக்கும். ராத்திரி விழுந்த நோட்டுகளைத் துப்புரவு அம்மா காலையில் கூட்டி எடுத்துவிடுவார். சில பழைய கோளாறுகள் அப்படித்தான் தீர்ந்தன. வாடிக்கையாளர் ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

அப்புறம் கருவிக்கு மாறினோம். 2001-ல் யூட்டா மாநிலத்தின் பனிச்சறுக்கு விடுதியொன்றில் 17 பேர் கூடி, ஸ்க்ரம் போன்ற முறைகளுக்குப் பொதுவான அஜைல் அறிக்கையை எழுதினார்கள். கருவியைவிட மனிதர்களும் அவர்கள் பேசிக்கொள்வதும் முக்கியம் என்பதுதான் அதன் முதல் கருத்து. மறுவருடமே ஜிரா என்ற கருவி வந்தது. காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரைச் சுருக்கி வைத்த பெயர் அது; பயன்படுத்தியவர்களுக்குப் பொருத்தம் புரியும். 2011-ல் டிரெல்லோ வந்தது. 2017-ல் ஜிராக்காரர்களே அதை 42.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். நம் ஊர்க்காரர்களும் சும்மா இல்லை. தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவும் இதற்கென்று ஒரு கருவி விற்கிறது. பேசிக்கொள்வது முக்கியம் என்று எழுதியவர்களின் பெயரால், பேசாமலிருக்க இத்தனை ஏற்பாடு.

எங்கள் பலகை மூன்று பத்திகளோடு தொடங்கியது: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. சில மாதங்களில் ‘வாடிக்கையாளர் பதிலுக்காக’, ‘மேலாளர் பார்வைக்கு’, ‘மறு சோதனை’ என்று பத்திகள் பெருகின. ஒருநாள் காலையில் பார்த்தால் ‘கிட்டத்தட்ட முடிந்தது’ என்று ஒரு பத்தி முளைத்திருந்தது. யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. அதிகமாக நிரம்பிய பத்தியும் அதுதான்.

குழுவில் நிரல் எழுதுகிறவர்கள் ஏழு பேர். சோதித்துப் பார்க்க ஒரே ஒரு பெண். ஏழு பேரும் கெட்டிக்காரர்கள், நாள் முழுக்க எழுதித் தள்ளினார்கள். தள்ளியதெல்லாம் அவர் பத்தியில் போய் விழுந்தது.

“ப்ரோ, போர்டு நல்லா நகருது இல்ல?” என்பார் மேலாளர்.

“நகருது சார். எல்லாம் டெஸ்டிங் வரைக்கும் நகருது.”

கருவியில் பத்திக்கு உச்ச எண் போடும் வசதி இருக்கிறது. தாண்டினால் பத்தி சிவக்கும். ஆலோசகர் சொல்லி ஓர் எண் போட்டோம். அன்று மாலையே சிவந்தது. மேலிடத்துக்குக் காட்டும் திரையில் சிவப்பு இருந்தால் நன்றாக இருக்காது என்று எண்ணைக் கூட்டினார்கள். மறுபடி சிவந்தது, மறுபடி கூட்டினார்கள். கடைசியில் எண்ணையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சிவக்கவில்லை. அந்தக் காலாண்டில் எங்கள் குழுவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது. ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்தது. பலகையில் நடந்துகொண்டிருக்கும் வேலைகள் 30, நாளொன்றுக்கு முடிவது 3 என்றால், ஒரு வேலை உள்ளே வந்து வெளியேற சராசரியாகப் பத்து நாள். உள்ளே விடுவதை 15-ஆகக் குறைத்தால் ஐந்தே நாள். யாரும் வேகமாக ஓட வேண்டியதில்லை, ஆள் சேர்க்க வேண்டியதில்லை. உள்ளே விடாமலிருந்தால் போதும். மேலாளர்களுக்கு இது புரியாமலில்லை. ஏழு பேரில் இருவர் சும்மா இருப்பதுபோல் தெரியுமே என்பதுதான் அவர்களுடைய கவலை. களைக்கு அனுப்பும் வழக்கம் மென்பொருளில் இல்லை. சோதனைக்கு உதவப்போகச் சொன்னால், ‘அது என் வேலை இல்லையே’ என்று ஆங்கிலத்தில் பதில் வரும்.

அன்றைய நாட்களைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. கதவில் இருந்த எண் காயைக் காப்பாற்றியது, ஆட்களைக் காப்பாற்றவில்லை. காலித் தட்டு நிறைய இருந்த நாட்களில், அட்டைப்பூச்சி கடிக்கும் மழையில், இருட்டும் வரை பறிக்கச் சொன்னார்கள். கீழே இறங்கும் ஜீப்பில் இடம் கிடைக்காமல் பின்கம்பியில் தொற்றிக்கொண்டு போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். குறைகளைச் சொல்ல வாரக் கூட்டம் கிடையாது. சொன்னவரை மறுநாள் ஜீப்பில் ஏற்றமாட்டார்கள். ஸ்டோரில் அப்பா விழுங்கிய புகைக்கு இன்றுவரை மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

விற்பனைப் பக்கமும் மாறிவிட்டது. இடுக்கியின் வண்டன்மேட்டில் முன்பு ஏலம் கூவுவார்கள். வியாபாரிகள் கிண்ணத்தில் வரும் மாதிரியை உள்ளங்கையில் கொட்டி உருட்டிப் பார்த்துவிட்டுத் தரையில் எறிவார்கள். கூடம் முழுக்கக் காலடியில் ஏலக்காய் நொறுங்கும். 2007-லிருந்து மின்னணு ஏலம். போடியிலும், புற்றடி ஸ்பைசஸ் பார்க்கிலும் ஆளுக்கொரு கணினி முன்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறார்கள். 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. திரையில் எந்த லாட், எத்தனை கிலோ, இப்போது என்ன விலை என்று தெரியும். அதை வைத்துக் கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கிறது. ‘கிட்டத்தட்ட விற்றது’ என்று அங்கே பத்தி கிடையாது.

ஸ்டோர்களும் மாறிவிட்டன. சிறு விவசாயிகள் பலர் பொது டிரையரில் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்து உலர்த்திக்கொள்கிறார்கள். எங்கள் தெருமுனை டிரையர்காரர் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார். சீசனில் காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு செய்தி வரும்: ‘இன்னிக்கு எடமில்ல. நாளைக்கு 300 கிலோ.’ அதைப் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்கு ஆள் கூப்பிடுவார்கள்.

எங்கள் குழுவுக்கும் ஒருவழியாக எண் வந்தது. நான் அப்பாவின் கதவைப் பற்றி விளக்கியதால் அல்ல. விளக்கியபோது எல்லாரும் ரசித்தார்கள், ஏலக்காய் விலை கேட்டார்கள், அவ்வளவுதான். சோதனை பார்த்த பெண் வேறு வேலை கிடைத்து ராஜினாமா கொடுத்தார். அன்றைக்கு அவர் பத்தியில் 61 கார்டுகள் நின்றன. வேறு வழியில்லாமல் நிரல் எழுதுகிறவர்களே முறைவைத்துச் சோதிக்க உட்கார்ந்தார்கள். தானே சோதிக்க வேண்டும் என்றதும், எத்தனை எழுதலாம் என்பதில் ஒவ்வொருவருக்கும் திடீரென்று ஒரு நிதானம் வந்தது. புதிதாக இரண்டு பேர் சோதனைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

இப்போது பலகையில் நான்கு பத்திகள். கருவி எது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஏதோ ஒரு இலவசப் பதிப்பு, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சோதனைப் பத்தியின் தலையில் 4 என்று இருக்கிறது. அதை 8 ஆக்கலாமா என்று ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் மேலாளர் கேட்கிறார். இதுவரை ஆக்கவில்லை.